கோத்தகிரியில உக்காந்துகிட்டே புது பார்ட்டிக்கிள் தேடறது எப்படி: ஒரு லேப்டாப், ஒரு லட்சம் வரி டேட்டா

முதல்ல லேப்டாப்ப ஃபுல்லா சார்ஜ் போட்டுக்கோங்க. ஐப்பசி, கார்த்திகைல நம்ம கோத்தகிரி பக்கம் மழை புடிச்சிருச்சுன்னா கரண்ட் எப்ப போகும் எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது, பாதி வேலைல சிஸ்டம் ஆஃப் ஆகி என் ஸ்டூடண்ட் ஒருத்தனுக்கு என்ன ஆச்சுன்னு பின்னாடி சொல்றேன், அது கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம். டவர் நல்லா எடுக்கற எடமா பாத்து போய் ஒரே ஒரு தடவ ஃபைல இறக்கிட்டீங்கன்னா அதுக்கப்புறம் நெட்டே தேவையில்ல.

நான் இங்க ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பசங்களுக்கு பிசிக்ஸ் டியூஷன் எடுக்கறேன். வருஷா வருஷம் யாராவது ஒரு புள்ள "மிஸ், டார்க் மேட்டர்ங்கறாங்களே, கண்ணுக்கே தெரியாததை எப்படி மிஸ் தேடுவாங்க"ன்னு கேக்கும். டார்க் மேட்டர்னா ஒளி விடாம, ஈர்ப்பு விசையால மட்டும் இருக்குன்னு தெரியற பொருள். அதை பத்தி வீடியோ எக்கச்சக்கமா இருக்கு, ஆனா எல்லாத்துலயும் கேலக்ஸி சுத்தறத காட்டிட்டு முடிச்சுடறாங்க, தேடற வேலை கையால எப்படி நடக்குதுன்னு சொல்றதில்ல. அந்த கேள்விக்கு நான் இப்ப எல்லாம் வாயால பதில் சொல்றதில்லைங்க, லேப்டாப்ப திறந்து இந்த ஃபைல குடுத்துடறேன். அதைத்தான் இங்க எழுதறேன். ப்ளஸ் டூ கணக்கு தெரிஞ்சா போதும், பைத்தான் தெரிஞ்சா நல்லது, தெரியலைன்னா எக்ஸெல் இல்லைன்னா காசில்லாம கிடைக்கற லிப்ரே ஆஃபிஸ் கால்க் போதும்.

ஃபைல் எங்க இருந்து வருதுன்னு சொல்லிடறேன். சுவிட்சர்லாந்து பிரான்ஸ் எல்லைல தரைக்கு கீழ சுமார் 100 மீட்டர் ஆழத்துல, 27 கிலோமீட்டர் சுத்தளவுல எல்ஹெச்சின்னு, அதாவது லார்ஜ் ஹாட்ரான் கொலைடர்னு, ஒரு வளையம் இருக்கு, அதுல புரோட்டானையும் புரோட்டானையும் எதிரெதிரா ஓட்டி மோத விடறாங்க. மோதற எடத்தை சுத்தி நிக்கற பெரிய டிடெக்டர்கள்ல ஒண்ணு சிஎம்எஸ். அந்த வளையத்தை நடத்தற செர்ன்ங்கற ஆராய்ச்சி நிலையம் 2014 நவம்பர்ல ஒரு ஓப்பன் டேட்டா போர்ட்டல் ஆரம்பிச்சாங்க, சிஎம்எஸ் பதிவு பண்ண நிஜ டேட்டாவுல ஒரு பங்கு அங்க இருக்கு, யார் வேணா எடுத்துக்கலாம், காசு கிடையாது. செர்ன் ஓப்பன் டேட்டான்னு தேடி உள்ள போய் டைமியூவான்னு போட்டு, படிக்கறதுக்காக சுருக்கி வச்சிருக்கற சிஎஸ்வி ஃபைல்கள்ல, அதாவது எக்ஸெல்லயே திறக்கற டேபிள்கள்ல, டபுள்மியூன்னு பேர் வர்றத எடுங்க. 2011ல எடுத்த டேட்டா, அப்ப மோதல் சக்தி 7 டிஇவி, அதாவது 7000 ஜிஇவி, இந்த யூனிட்டை பின்னாடி சொல்றேன். மொத்தம் ஒரு லட்சம் வரி. மொபைல்ல திறக்க ட்ரை பண்ணாதீங்க, நகரவே நகராது.

ஒரு வரின்னா ஒரு மோதல். அந்த மோதல்ல இருந்து ரெண்டு மியூவான் வெளிய வந்திருக்கு, அந்த ரெண்டோட எனர்ஜி, மூணு திசைல மொமெண்டம், அதாவது பிஎக்ஸ், பிஒய், பிஇசட், அப்புறம் சார்ஜ் பிளஸ்ஸா மைனஸா, இதுதான் முக்கியமான காலம் (column). மியூவான்ங்கறது எலக்ட்ரானோட கனமான சொந்தக்காரன்னு வச்சுக்கோங்க, எடை சுமார் 207 மடங்கு. இதுல நம்ம மலைக்காரங்களுக்கு ஒரு உரிமை இருக்கு. ஊட்டியில டிஐஎஃப்ஆர், அதாவது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், நடத்தற காஸ்மிக் ரே லேப்ல கிரேப்ஸ்-3ன்னு ஒரு எக்ஸ்பெரிமெண்ட் 2200 மீட்டர் உயரத்துல ஓடிட்டு இருக்கு, அங்க 560 சதுர மீட்டர் பரப்புல 3712 ப்ரொபோர்ஷனல் கவுன்ட்டர் வச்சு வானத்துல இருந்து இறங்கற மியூவான ராப்பகலா எண்ணறாங்க. 2014 டிசம்பர் 1ஆம் தேதி ஒரு இடிமேகத்துக்குள்ள 130 கோடி வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருந்துச்சுன்னு மியூவான் எண்ணிக்கை மாறினத வச்சே கண்டுபிடிச்சது இவங்கதான். நீங்க இதை படிக்கறப்ப உங்க உள்ளங்கைய நீட்டினா செகண்டுக்கு ஒண்ணாவது அது வழியா போகும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஃபைல்ல கடைசி காலம்ல எம்னு ஏற்கனவே மாஸ் போட்டு குடுத்திருப்பாங்க. அதை மொதல்ல ஹைட் பண்ணிடுங்க. நீங்களே போடணும். ரெண்டு மியூவானும் ஒரே தாய் பார்ட்டிக்கிள் உடைஞ்சு வந்திருந்தா அந்த தாயோட எடை என்னன்னு இந்த ரெண்டு புள்ளைங்களை வச்சு பின்னாடி போய் கண்டுபிடிக்கறதுதான் வேலை. ரெண்டு எனர்ஜியையும் கூட்டி ஸ்கொயர் பண்ணுங்க, பிஎக்ஸ் ரெண்டையும் கூட்டி ஸ்கொயர், பிஒய் ரெண்டையும் கூட்டி ஸ்கொயர், பிஇசட் ரெண்டையும் கூட்டி ஸ்கொயர், இந்த மூணையும் அந்த எனர்ஜி ஸ்கொயர்ல இருந்து கழிச்சுட்டு ஸ்கொயர் ரூட் எடுங்க, அவ்வளவுதான். கூட்டிட்டு ஸ்கொயர் பண்ணணும், ஸ்கொயர் பண்ணிட்டு கூட்டக்கூடாது, பத்துல அஞ்சு பேர் இங்கதான் தப்பு பண்றாங்க.

பேப்பர்ல ஒரு தடவ போட்டு பாத்துடலாம், எண் நான் சுலபமா வர்ற மாதிரி எடுத்தது, டேட்டால இருந்து எடுத்தது இல்ல. முதல் மியூவான் எனர்ஜி 50, பிஎக்ஸ் 30, பிஒய் 40, பிஇசட் 0. ரெண்டாவது எனர்ஜி 41, பிஎக்ஸ் மைனஸ் 9, பிஒய் மைனஸ் 40, பிஇசட் 0. எனர்ஜி கூட்டினா 91, ஸ்கொயர் 8281. பிஎக்ஸ் கூட்டினா 21, ஸ்கொயர் 441. பிஒய் ஒண்ணை ஒண்ணு அடிச்சு பூஜ்ஜியம். 8281ல 441 போனா 7840, ரூட் எடுத்தா 88.5. யூனிட் ஜிஇவி, ஒரு புரோட்டானோட எடை கிட்டத்தட்ட 1 ஜிஇவின்னு அளவுக்கு வச்சுக்கோங்க. இந்த 21ங்கற எண்ணை மறந்துடாதீங்க, கடைசில டார்க் மேட்டர் வர்ற எடத்துல இதே 21 திரும்ப வரும்.

இந்த ஃபார்முலாவ லட்சம் வரிக்கும் இழுத்து விடுங்க, பழைய லேப்டாப்னா கொஞ்ச நேரம் எடுக்கும், பொறுங்க. முடிஞ்சதும் ஹைட் பண்ண காலத்தோட ஒத்து பாருங்க, கடைசி டெசிமல்ல லேசா மாறும், அது பரவால்ல.

இப்ப கூறு போடணும். ஊட்டி கேரட்டை கழுவி எடுத்து சைஸ் சைஸா பிரிச்சு மூட்டை கட்டுவாங்கல்ல, அதே வேலை, ஒரு ஜிஇவி அகலத்துக்கு ஒரு கூறு, 2ல இருந்து 110 வரைக்கும், ஒவ்வொண்ணுலயும் எத்தனை மோதல் விழுதுன்னு கவுன்ட்இஃப்ஸ் போட்டு எண்ணுங்க, சார்ட் போடுங்க, நெட்டுக்குத்தா இருக்கற அச்சை மட்டும் லாக் ஸ்கேலுக்கு மாத்துங்க, இல்லைன்னா சின்ன மேடு எல்லாம் கண்ணுக்கே தெரியாது. பாத்தீங்கன்னா 3கிட்ட ஒரு கூர், 9ல இருந்து 10 வரைக்கும் ஒண்ணு, அப்புறம் நீளமா சரிஞ்சுகிட்டே போய் 91கிட்ட தனியா ஒரு குன்று எழுந்து நிக்கும்.

3.1ல இருக்கறது ஜே-சை. 1974 நவம்பர்ல அமெரிக்கால ரெண்டு லேப் தனித்தனியா கண்டுபிடிச்சு ஒரே நாள்ல அறிவிச்சாங்க, அதுக்குத்தான் ரெட்டை பேரு. 9.46ல இருக்கறது உப்சிலான், 1977ல ஃபெர்மிலாப்ல. 91.2ல இருக்கறது இசட் போசான், 1983ல செர்ன்ல. ஒவ்வொண்ணுக்கும் பெரிய பெரிய டீம் வருஷக்கணக்கா உழைச்சது, அதுல ரெண்டுக்கு நோபல் பரிசே குடுத்தாங்க, மூணும் உங்க ஒரே படத்துல இருக்கு. எனக்கு முதல் தடவ இது வந்தப்ப ராத்திரி பதினோரு மணி இருக்கும், வெளிய மழை, அந்த 91 குன்றை பாத்துட்டு நான் தூங்கவே இல்லைங்க.

இப்ப கிட்ட போய் பாருங்க. 8.5ல இருந்து 11 வரைக்கும் மட்டும் எடுத்து 0.05 ஜிஇவி அகலத்துல கூறு போடுங்க. ஒண்ணா தெரிஞ்ச மேடு உடைஞ்சு 9.46, 10.02, 10.36ன்னு மூணு வரப்பாக்கும். தெளிவா பிரியலைன்னா ஈட்டான்னு, மியூவான் எந்த கோணத்துல போச்சுன்னு சொல்ற ஒரு காலம் இருக்கும், ரெண்டு மியூவானுக்கும் அது மைனஸ் 1ல இருந்து 1க்குள்ள இருக்கற வரிகளை மட்டும் ஃபில்டர் பண்ணுங்க, அதாவது டிடெக்டரோட நடுப்பகுதில போனது, அங்க அளவு துல்லியமா இருக்கும், மூணும் தனித்தனியா நிக்கும். எண்ணிக்கை கம்மியாகும், தெளிவு கூடும். இந்த பேரம் இந்த வேலைல கடைசி வரைக்கும் கூடவே வரும்.

அகலத்தை பத்தி ஒண்ணு சொல்லணும், இது ரொம்ப முக்கியம். ஜே-சை உண்மைல ஊசி மாதிரி ஒல்லி, நீங்க பாக்கற அகலம் அதோடது இல்ல, டிடெக்டர் அளக்கறதுல வர்ற கலங்கல். இசட் அப்படி இல்ல, அதுக்கே 2.5 ஜிஇவி சொந்த அகலம் இருக்கு. அதனால நாளைக்கு ஏதாவது புது மேடு கண்ணுல பட்டா முதல் கேள்வி, இது டிடெக்டரோட கலங்கலை விட ஒல்லியா இருக்கா? இருந்தா அது பார்ட்டிக்கிளா இருக்கவே முடியாது, இயற்கை எவ்வளவு ஒல்லியா குடுத்தாலும் டிடெக்டர் அதை அகலமாக்கித்தான் காட்டும். ஒரே ஒரு கூறுல மட்டும் துருத்திட்டு பக்கத்து கூறுல ஒண்ணுமே இல்லைன்னா நம்பாதீங்க.

அடுத்து சார்ஜ். தாய்க்கு சார்ஜ் இல்லைன்னா புள்ளைங்கள்ல ஒண்ணு பிளஸ் ஒண்ணு மைனஸா வரணும். அப்படி இருக்கற வரிகளை ஒரு பக்கமும், ரெண்டும் பிளஸ் இல்ல ரெண்டும் மைனஸ்னு இருக்கறதை ஒரு பக்கமும் பிரிச்சு ரெண்டுக்கும் படம் போடுங்க. ரெண்டாவது படத்துல மேடு இருக்காது, சம்பந்தமே இல்லாத ரெண்டு மியூவான் தற்செயலா சேந்தது அது. புது மேடு உண்மைன்னா முதல் படத்துல இருக்கணும், ரெண்டாவதுல இருக்கக்கூடாது. ரெண்டுலயும் இருந்தா உங்க வேலைலதான் ஏதோ தப்பு.

இதுவரைக்கும் பண்ணதே புது பார்ட்டிக்கிள் தேடற வேலைதான்னு நிறைய பேருக்கு தெரியறதில்ல. டார்க் மேட்டரோட உலகத்துக்கும் நம்ம உலகத்துக்கும் நடுவுல பாலம் மாதிரி டார்க் ஃபோட்டான்னு ஒண்ணு இருக்கலாம்னு ஒரு கருத்து இருக்கு. அப்படி இருந்தா அது எப்பவாவது ரெண்டு மியூவானா உடையும், உடைஞ்சா இதே மாதிரி படத்துல யாருக்கும் பேர் தெரியாத ஒரு ஒல்லி மேடா நிக்கும். எல்ஹெச்சில எல்ஹெச்சிபிங்கற எக்ஸ்பெரிமெண்ட்டும் சிஎம்எஸ்ஸும் இதைத்தான் தேடினாங்க, எல்ஹெச்சிபி 70 ஜிஇவி வரைக்கும் அலசிச்சு, இதுவரைக்கும் கிடைக்கல. அவங்க கிட்ட இருந்த டேட்டா நம்ம ஃபைல விட பல மடங்கு, அதனால நம்ம லட்சம் வரில புதுசு கிடைக்கும்னு நான் பசங்களுக்கு ஆசை காட்டறதில்ல. கிடைக்கலைங்கறதை எப்படி சரியா சொல்றதுன்னு கத்துக்கறதுதான் இங்க வேலை.

அதுக்கு மேடு எப்ப மேடுன்னு தெரியணும். ஒரு கூறுல 400 எதிர்பாக்கறோம்னா ரூட் எடுத்து 20, அவ்வளவு ஏறி இறங்கறது சகஜம், 420 வந்தாலும் 385 வந்தாலும் ஒண்ணும் இல்ல. அந்த 20தான் ஒரு சிக்மா, அதனால 460 வந்தா 3 சிக்மா, தற்செயலா அப்படி ஏற சுமார் 740ல ஒரு வாய்ப்பு. கேக்க பெருசா இருக்கு, ஆனா நீங்க ஒரு கூறை மட்டுமா பாத்தீங்க, நூறு கூறு பாத்தீங்கல்ல, நூறுல எங்கயாவது ஒண்ணு அப்படி ஏற எட்டுல ஒரு வாய்ப்பு வந்துடுது. எட்டு ஸ்டூடண்ட் பண்ணா ஒருத்தருக்கு வர்றது சாதாரணம். அதனாலதான் 5 சிக்மா கேக்கறாங்க, சுமார் 35 லட்சத்துல ஒண்ணு. 2012 ஜூலை 4ஆம் தேதி ஹிக்ஸ் போசானை 125 ஜிஇவி பக்கத்துல அறிவிச்சப்ப சிஎம்எஸ், எல்ஹெச்சிலயே இருக்கற இன்னொரு பெரிய டிடெக்டரான அட்லஸ், இந்த ரெண்டு எக்ஸ்பெரிமெண்ட்டும் தனித்தனியா அந்த 5ஐ தொட்டிருந்தாங்க. 2015 டிசம்பர்ல 750 ஜிஇவிகிட்ட ரெண்டு ஃபோட்டான் படத்துல ஒரு மேடு ரெண்டு எக்ஸ்பெரிமெண்ட்லயும் லேசா தெரிஞ்சுது, அதை விளக்கி நூத்துக்கணக்குல பேப்பர் எழுதினாங்க, 2016 ஆகஸ்ட்ல கூட டேட்டா வந்ததும் கரைஞ்சு போச்சு. யாரும் ஏமாத்தல, 5 தொடறதுக்கு முன்னாடி அறிவிக்கல, நேர்மையா காத்திருந்தாங்க.

இப்ப அந்த பையன் கதை. லட்சம் வரியையும் மாஸ் படி வரிசைப்படுத்தி, துண்டு துண்டா வேற ஷீட்டுக்கு காப்பி பண்ணிட்டு இருந்தான், நடுவுல கரண்ட் போச்சு, பேட்டரி வீக், சிஸ்டம் ஆஃப். திரும்ப ஆன் பண்ணி ரிகவர் ஆன ஃபைல்ல விட்ட எடத்துல இருந்து பேஸ்ட் பண்ணான், ஆனா கடைசி துண்டு ஏற்கனவே பேஸ்ட் ஆகி இருந்துச்சு. படம் போட்டா 42 ஜிஇவிகிட்ட அழகா ஒரு மேடு. மாஸ் வரிசைல இருந்ததால டபுள் ஆன வரி எல்லாம் ஒரே எடத்துல குவிஞ்சிருச்சு. ரெண்டு நாள் அவனுக்கு சோறு இறங்கல, எனக்கும்தான். ரன் நம்பர், ஈவென்ட் நம்பர்னு ரெண்டு காலம் இருக்கும், அது ரெண்டும் சேந்து எந்த வரியிலயும் திரும்ப வரக்கூடாது, அதை செக் பண்ணதும் தெரிஞ்சுது. அதனால படம் போடறதுக்கு முன்னாடி டூப்ளிகேட் செக், கட்டாயம்.

இன்னொரு போலி இருக்கு, அது நம்ம ஊட்டிக்காரங்களுக்கு பழக்கமானது. வானத்துல இருந்து வர்ற மியூவான் 100 மீட்டர் மண்ணையும் துளைச்சு சிஎம்எஸ்குள்ளயும் போகும். மேல நுழைஞ்சு கீழ வெளியேறற ஒரே மியூவானை டிடெக்டர் நடுவுல இருந்து ரெண்டா கிளம்பின மாதிரி தப்பா எடுத்துக்க வாய்ப்பு இருக்கு. ரெண்டோட மொமெண்டமும் அளவுல ஒண்ணா, திசைல நேர் எதிரா, மூணு காம்போனெண்ட்டையும் கூட்டினா பூஜ்ஜியத்துகிட்ட வருதான்னு பாருங்க, வந்தா சந்தேகப்படுங்க. இதே காஸ்மிக் மியூவானை 2008ல மோதல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கோடிக்கணக்குல பதிவு பண்ணி டிடெக்டரை சரி பாக்கவும் பயன்படுத்தினாங்க.

இப்பதான் அந்த புள்ள கேட்ட கேள்விக்கு வர்றோம், கண்ணுக்கே தெரியாததை எப்படி தேடறது.

டார்க் மேட்டர் இருக்குங்கறதுக்கு சாட்சி வானத்துல இருக்கு. 1933ல ஸ்விக்கி கோமா கேலக்ஸி கூட்டத்துல கேலக்ஸிங்க ஓடற வேகத்தை பாத்து, தெரியற எடை இதை பிடிச்சு வைக்க பத்தாதுன்னார், 1970கள்ல வேரா ரூபின் கேலக்ஸிங்க சுத்தற வேகத்தை அளந்து அதையே அழுத்தமா காட்டினாங்க. இப்ப கணக்குப்படி பிரபஞ்சத்துல இருக்கற பொருள்ல சுமார் 85 சதவீதம் அதுதான். அது ஒரு பார்ட்டிக்கிளா இருந்து நம்ம பார்ட்டிக்கிள்களோட லேசாவாவது உறவு இருந்தா புரோட்டான் மோதல்ல பிறக்கலாம். பிறந்தா டிடெக்டர்ல ஒரு கோடு கூட போடாம வெளிய போயிடும்.

மூடுபனி இறங்கின காலைல தேயிலை தோட்டத்துல நின்னிருக்கீங்களா? காட்டெருமை தெரியாது. ஆனா செடிங்க ஒரு பக்கமா ஒதுங்கறது தெரியும், எந்த பக்கம் போகுதுன்னு கூட தெரியும், கொழுந்து பறிக்கறவங்க அதை பாத்துத்தான் விலகுவாங்க. அதே மாதிரி மோதல்ல குறுக்கு திசைல மொத்த மொமெண்டம் பூஜ்ஜியமா இருக்கணும், ஏன்னா புரோட்டான் ரெண்டும் நேருக்கு நேரா வந்துச்சு, பக்கவாட்டுல எதுவும் இல்ல. ஒரு பக்கம் பெரிய ஜெட் ஒண்ணு, அதாவது துகள் கொத்து, பாய்ஞ்சு போகுது, எதிர் பக்கம் ஒண்ணுமே இல்லைன்னா, எதிர் பக்கம் ஏதோ போயிருக்கு. அந்த விட்டுப்போன அளவைத்தான் மிஸ்ஸிங் டிரான்ஸ்வர்ஸ் எனர்ஜிங்கறாங்க, மெட்னு சுருக்கி கூப்பிடுவாங்க. நீளவாக்குல இந்த கணக்கு ஆகாது, புரோட்டானுக்குள்ள மோதற குவார்க்கோ குளுவானோ எவ்வளவு பங்கு எடுத்துட்டு வந்துச்சுன்னு தெரியாது, கொஞ்சம் குழாய் வழியாவும் போயிடும்.

ஆனா மெட் இருந்தா டார்க் மேட்டர்னு ஆகாது, பிரச்சனையே இங்கதான். நியூட்ரினோவும் இதே மாதிரி தடம் இல்லாம போகும். 1983ல டபிள்யூ போசானை கண்டுபிடிச்சதே இந்த விட்டுப்போன அளவை வச்சுத்தான், அது நியூட்ரினோ. மறு வருஷமே, டபிள்யூவை பாத்த செர்னோட யுஏ1 எக்ஸ்பெரிமெண்ட்ல ஒத்தை ஜெட்டும் பெரிய மெட்டுமா சில மோதல் வந்துச்சு, புது பார்ட்டிக்கிள் வந்தாச்சுன்னு உலகமே பேசிச்சு, பின்னாடி பாத்தா தெரிஞ்ச சமாச்சாரங்கள் பல சேந்து அந்த எண்ணிக்கைய குடுத்திருக்கு. ஜெட்டை தப்பா அளந்தாலும் மெட் வரும். ஜெட்டோட சக்தி, அதை அளக்கற அடுக்கான கேலரிமீட்டரை தாண்டி கசிஞ்சாலும் வரும். அந்த கசிவை பிடிக்க சிஎம்எஸ்ல ஒரு வெளி அடுக்கு வச்சிருக்காங்க, அதை செஞ்சு குடுத்தது நம்ம நாட்டுல டிஐஎஃப்ஆரும் பஞ்சாப் யூனிவர்சிட்டியும், ஊட்டி லேப் நடத்தற அதே டிஐஎஃப்ஆர்.

எல்லாத்துலயும் பெரிய தொல்லை இசட். ஒரு ஜெட்டோட சேந்து பிறந்த இசட், ரெண்டு நியூட்ரினோவா உடைஞ்சா டிடெக்டருக்கு தெரியறது ஜெட் மட்டும். டார்க் மேட்டர் பிறந்தாலும் இதே காட்சிதான். ஒரு தனி மோதலை பாத்து இது அதுவா இதுவான்னு கடவுளாலயும் பிரிச்சு சொல்ல முடியாது. எண்ணிக்கைலதான் பிடிக்கணும், நியூட்ரினோவால எத்தனை வரும்னு முதல்லயே சரியா தெரிஞ்சா, அதுக்கு மேல வந்தது புதுசு.

அந்த எண்ணிக்கைய எப்படி போடறதுன்னா, உங்க கைல இருக்கற அந்த 91 குன்றை வச்சுத்தான். இசட்டுக்கு தான் எதுவா உடையப்போறோம்னு பிறக்கறப்ப தெரியாது. ஜெட்டுகிட்ட எவ்வளவு உதை வாங்கி எவ்வளவு வேகமா போகுதோ, அது மியூவானா உடைஞ்சாலும் நியூட்ரினோவா உடைஞ்சாலும் ஒண்ணுதான். மியூவான் ஜோடியா உடையறது சுமார் 3.37 சதவீதம், நியூட்ரினோவா 20 சதவீதம், கிட்டத்தட்ட 6 மடங்கு. அப்ப நான் மியூவானை பாக்காத மாதிரி நடிச்சா போதும்.

செஞ்சு பாருங்க. எதிர் சார்ஜ், மாஸ் 81ல இருந்து 101 வரைக்கும் இருக்கற வரிகளை மட்டும் ஃபில்டர் பண்ணுங்க. ஒவ்வொரு வரிலயும் பிஎக்ஸ் ரெண்டை கூட்டி ஸ்கொயர், பிஒய் ரெண்டை கூட்டி ஸ்கொயர், ரெண்டையும் கூட்டி ரூட். மேல போட்ட உதாரணத்துல அது 21. மியூவான் ரெண்டும் கண்ணுல படாம போயிருந்தா அந்த மோதல்ல 21 ஜிஇவி விட்டுப்போச்சுன்னு டிடெக்டர் சொல்லி இருக்கும். அந்த எண்ணுக்கு 5 ஜிஇவி அகலத்துல கூறு போடுங்க. முக்காவாசி சின்ன எண்ணுல குவியும், அப்புறம் வால் மாதிரி இழுத்துகிட்டே சரியும். இந்த வாலைத்தான் பாக்கணும். இதை சுமார் 6ஆல பெருக்கி, டிடெக்டர் பாக்காம விட்ட மியூவானுக்கும் கொஞ்சம் ஏத்திக்கிட்டா, நியூட்ரினோவால வர்ற மெட் எவ்வளவுன்னு வந்துடும். செர்ன்ல நிஜமா தேடறவங்க மெட் 200, 250 ஜிஇவிக்கு மேல இருக்கறதை மட்டும் எடுப்பாங்க, நம்ம ஃபைல்ல அவ்வளவு தூரத்துல வால் ரொம்ப மெல்லிசு, நாலஞ்சு கூட தேறாம போகலாம், அப்ப ரூட் கணக்கு போட்டு பாருங்க, 4க்கு ரூட் 2, பாதிக்கு பாதி சந்தேகம். அதனாலதான் எல்ஹெச்சிய வருஷக்கணக்கா ஓட்டறாங்கங்கறது அந்த நிமிஷம் பசங்களுக்கு தானா புரியும்.

இதுவரைக்கும் சிஎம்எஸ், அட்லஸ் ரெண்டும் பாத்ததுல எதிர்பாத்த எண்ணிக்கைக்கு மேல எதுவும் வரல. அதையே முடிவா எழுதறாங்க, டார்க் மேட்டரையும் நம்ம பார்ட்டிக்கிள்களையும் இணைக்கற தூது பார்ட்டிக்கிள் கிட்டத்தட்ட 2 டிஇவி வரைக்கும் இல்லைன்னு, சில அனுமானத்தோட. இல்லைங்கறதையும் எண்ணாத்தான் சொல்லணும். இதே சுரங்கத்துல எல்ஹெச்சிக்கு முன்னாடி 1989ல இருந்து 2000 வரைக்கும் லெப்னு ஒரு மெஷின் ஓடிச்சு, அங்க 1 கோடியே 70 லட்சம் இசட்டை எண்ணி, கண்ணுக்கு தெரியாம உடையற பங்கை அளந்து, நியூட்ரினோ வகை 2.984ன்னு கண்டுபிடிச்சாங்க, அதாவது மூணு, அதுல நாலாவதுக்கு எடம் இல்ல. இசட்டோட சாதாரணமா உறவாடற, அதோட பாதி எடைக்கும் கம்மியான டார்க் மேட்டர்க்கு அங்கயே கதவு பெருசா சாத்திடுச்சு.

நாளைக்கே ஒரு எக்ஸ்ட்ரா வந்தாலும் அது டார்க் மேட்டர்தான்னு கொலைடரால மட்டும் சொல்ல முடியாது. டிடெக்டரை தாண்டற வரைக்கும் உயிரோட இருந்துச்சுன்னுதான் சொல்ல முடியும், பிரபஞ்சம் பூரா கோடி கோடி வருஷம் இருந்ததான்னு தெரியணும்னா அமெரிக்கால எல்இசட், இத்தாலில செனான்என்டின்னு நிலத்தடில திரவ செனான் வச்சு காத்துட்டு இருக்கற எக்ஸ்பெரிமெண்ட்டும் அதே எடைல பாக்கணும்.

கடைசியா ஒரு பழக்கம், இதை ஆரம்பத்துலயே செஞ்சிடுங்க. ஃபைல இறக்கின உடனே ஈவென்ட் நம்பர் ஒற்றைப்படை இரட்டைப்படைன்னு ரெண்டா பிரிச்சு ஒரு பாதிய தனி ஃபோல்டர்ல போட்டு மூடிடுங்க. எந்த ஃபில்டர் போடலாம், எவ்வளவு அகலம், எங்க மேடு மாதிரி தெரியுதுன்னு எல்லா தடுமாற்றமும் முதல் பாதில வச்சுக்கோங்க. சந்தேகமா ஒரு மேடு கிடைச்சா, இன்ன எடத்துல, இன்ன அகலத்துல, மூடின பாதில இத்தனை வரும்னு நோட்டுல எழுதி தேதி போட்டு, பக்கத்துல யாரையாவது கையெழுத்து போட சொல்லுங்க, அம்மாவா இருந்தாலும் சரி. அப்புறம் அந்த ஃபோல்டரை ஒரே ஒரு தடவ திறங்க.